பார்டோக்கைப் பள்ளி பேண்டுக்கு எழுதுவது எப்படி: இராமநாதபுரக் கடற்கரை இசை ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் பேண்டு வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. தேவாலயத் திருவிழாவின் தேர்பவனி, குடியரசு நாள் அணிவகுப்பு, கல்யாண ஊர்வலம் என்று தொண்டி முதல் இராமேசுவரம் வரை டிரம்பெட்டும் சைடு டிரம்மும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பள்ளிக் குழுக்கள் வாசிப்பவை பெரும்பாலும் நடப்பதற்கான இசை. உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு, சத்தத்தை அடக்கி வாசிக்கும் இசை நம் பிள்ளைகளுக்கு அபூர்வமாகவே கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்கும் கச்சேரி பேண்டு நோட்டுகளோ நாற்பது, ஐம்பது பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓபோவும் பிரெஞ்சு ஹார்னும் எந்தப் பள்ளியில் இருக்கின்றன?

ஆகவே நாமே எழுதிக்கொள்ள வேண்டும். நாட்டுப்புற இசையிலிருந்து எழுதிய இசையமைப்பாளர் ஒருவரை எடுத்துக்கொண்டால் வேலை எளிது. மெட்டு சிறியது, பாடக்கூடியது, எத்தனை கருவி குறைந்தாலும் தாங்கும். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹங்கேரியரான பேலா பார்டோக்கின் ஒரு சிறு பியானோ உருப்படி: 1908-இல் அவர் எழுதிய ‘பத்து எளிய உருப்படிகள்’ தொகுப்பில் ஐந்தாவதாக வரும் ‘டிரான்சில்வேனியாவில் ஒரு மாலை’.

ஏன் இந்த உருப்படி

பார்டோக் (1881–1945) தம் நண்பர் சொல்தான் கோடாயுடன் ஃபோனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், குடியானவர்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தவர். அந்தப் பழைய ஹங்கேரியப் பாட்டுகளில் பல ஐந்து சுரங்களில் அமைந்தவை என்று அவர்கள் கண்டார்கள். இந்த உருப்படியின் மெட்டுகளும் அப்படித்தான்: இ, ஜி, ஏ, பி, டி. இ-யை ஆதார ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசியின் சுரங்கள் அவை. பாட்டு வகுப்புக்குப் போன ஒரு பிள்ளை குழுவில் இருந்தால் மெட்டு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ராகத்தின் பெயர் தெரிந்துவிட்டதே என்று கமகத்தை மட்டும் கொண்டுவர வேண்டாம். இந்த மெட்டு சுரத்தில் நேராக நிற்பது.

இன்னொரு செய்தி. இவை பார்டோக் எங்கோ கேட்டு எழுதிக்கொண்ட பாட்டுகள் அல்ல. நாட்டுப்புறப் பாணியில் தாமே கற்பித்த மெட்டுகள் என்று 1944-ஆம் ஆண்டு வானொலிப் பேட்டியில் அவர் விளக்கியிருக்கிறார். மெதுவான முதல் மெட்டு வாய்ப்பாட்டின் சாயல்; வேகமான இரண்டாவது, குடியானவன் ஊதும் குழலின் சாயல். இரண்டும் மாறி மாறி வருகின்றன: பாட்டு, குழல், பாட்டு, குழல், பாட்டு. 1931-இல் இதை அவரே ஆர்கெஸ்ட்ராவுக்கும் மாற்றி எழுதினார். பியானோவிலிருந்து வேறு கருவிகளுக்கு நகரத் தயங்காத உருப்படி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பார்டோக்கே வாசித்த பியானோ ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன. எழுதத் தொடங்கும் முன் ஒரு வாரம் அவற்றை மட்டும் கேளுங்கள்.

உரிமையைச் சரிபாருங்கள்

இந்தியச் சட்டப்படி இசைப் படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பார்டோக் 1945-இல் இறந்தார். 2005 முடிவோடு உரிமை தீர்ந்தது. கோடாய் 1967-இல் இறந்தவர். அவருடைய சொந்தப் படைப்புகளுக்கு 2027 முடியும்வரை பொறுக்க வேண்டும். இங்கிலாந்து நாட்டுப்புற மெட்டுகளை பேண்டுக்கென்றே எழுதிய வான் வில்லியம்ஸ் (இறப்பு 1958), பெர்சி கிரெய்ஞ்சர் (இறப்பு 1961) இருவரும் இப்போது நமக்குத் திறந்த கதவுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பார்டோக்குக்கு உரிமை தீர்ந்தது என்றால், அவர் உருப்படியை அண்மையில் பேண்டுக்கு மாற்றி எழுதியவரின் உழைப்புக்கும் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் பிடிஎஃப்-ஐ நகலெடுக்காதீர்கள். பழைய பியானோ பதிப்பிலிருந்து நேராக எழுதுங்கள். நீங்களும் அப்படித்தான் கற்றுக்கொள்வீர்கள்.

கருவிகளை அல்ல, பிள்ளைகளைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே மூன்று செய்திகளை எழுதுங்கள்: கருவி, சிரமமில்லாமல் எட்டும் கீழ்ச் சுரமும் மேல் சுரமும், ஒரே மூச்சில் எத்தனை விநாடி ஒரு சுரத்தைப் பிடிக்கிறான் என்பது. “டிரம்பெட் நான்கு” என்று எழுதுவதில் பயனில்லை. அந்த நால்வரில் இருவர் கோட்டுக்குக் கீழே இருக்கும் சி-யிலிருந்து ஜி வரை மட்டும்தான் வாசிப்பார்கள் என்றால், உங்களிடம் இருப்பது இரண்டு டிரம்பெட்டும் இரண்டு துணைக்குரலும்.

பிறகு கருவிப் பெயர்களை மறந்துவிட்டு நான்கு குரல்களாகப் பிரியுங்கள். முதல் குரல் மெட்டு. இரண்டாம் குரல் அதற்குச் சற்றுக் கீழே. மூன்றாம் குரல் நடுப்பகுதி: ஆல்ட்டோ சாக்ஸ், தடுமாறும் டிரம்பெட்டுகள், டெனார் சாக்ஸ். நான்காம் குரல் அடித்தளம்: யூஃபோனியம், டிரோம்போன், இருந்தால் டூபா. ஒவ்வொரு குரலையும் குறைந்தது இரண்டு வகைக் கருவிகளுக்கு எழுதி வையுங்கள். விழா நாளில் யூஃபோனியம் வாசிக்கும் பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் அடித்தளம் சரியாது.

எழுதும் முன் பாட வையுங்கள்

இந்த வேலையில் அதிகம் பலன் தருவது இந்தப் படி. இதையே நம்மில் பலர் தாண்டிப் போகிறோம்.

முதல் மெட்டின் தலையில் ‘லெண்டோ, ரூபாட்டோ’ என்று இருக்கிறது. தாளம் இருக்கிறது, ஆனால் பேச்சைப் போல நீண்டும் சுருங்கியும் போகிறது. மெட்ரோனோம் வைத்துப் பழகிய பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்லி முடியாது. தாலாட்டு தெரிந்த ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்து பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த எழுத்தை இழுக்கிறார், அடுத்த அடிக்கு எப்படி விழுகிறார் என்பதைப் பிள்ளைகள் கையால் காற்றில் வரைந்து காட்டட்டும். அதன் பிறகு பார்டோக்கின் மெட்டை ‘லா லா’ என்று பாடச் சொன்னால், ரூபாட்டோ என்ற சொல்லையே நீங்கள் உச்சரிக்க வேண்டியிருக்காது. ஒப்பாரியும் இதே நடைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பாரி பாடச் சொன்னால் தலைமையாசிரியர் கேள்வி கேட்பார்.

இரண்டாம் மெட்டு ‘விவோ, நான் ரூபாட்டோ’. வேகம், இழுவை கிடையாது. அது கும்மியின் உலகம். முளைப்பாரி ஊர்வலத்தில் கும்மி கொட்டிய பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கைதட்டலை அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

ஹங்கேரிய மொழியில் சொல்லின் முதல் அசைக்கே எப்போதும் அழுத்தம். அதனால் அந்நாட்டுப் பாட்டுகள் பெரும்பாலும் முதல் தட்டிலேயே தொடங்குகின்றன. எடுப்புக்கு முன் உதிரிச் சுரம் வருவதில்லை. பள்ளிக் குழுவுக்கு இது பெரிய வரம்.

கீயைத் தேர்ந்தெடுப்பது

மூலத்தின் இ-யில் அப்படியே எழுதினால், எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும் கிளாரினெட், டிரம்பெட் போன்ற பி-ஃபிளாட் கருவிகளுக்கு எஃப்-ஷார்ப் ஆதாரமாகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தண்டனை. நகர்த்தியாக வேண்டும். எங்கே நகர்த்துவது என்பதைக் குழுவின் பெரும்பான்மை சொல்லும்.

கிளாரினெட் பிள்ளைகள் அதிகம் என்றால் கேட்கும் சுருதியை ஜி-யில் வையுங்கள். கிளாரினெட்டில் நடுவிலுள்ள பி-ஃபிளாட்டிலிருந்து பி-க்குத் தாண்டும் இடத்தில்தான் புதியவர்களின் விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குழம்பும். கேட்கும் சுருதி ஜி ஆனால் கிளாரினெட்டுக்கு எழுதுவது ஏ, சி, டி, இ, ஜி. கீழ் ஏ-யிலிருந்து நடு ஏ வரை ஒரு ஸ்தாயி முழுவதும் அந்த எல்லைக்குக் கீழேயே கிடக்கிறது. ஒலியும் அங்கே கனமாக, முதல் மெட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

டிரம்பெட்டே பெரும்பான்மை என்றால் சி. டிரம்பெட்டுக்கு எழுதுவது டி, எஃப், ஜி, ஏ, சி. கீழ் டி முதல் மேல் டி வரை உதடு களைக்காமல் நிற்கும் பகுதி அது.

இரண்டுக்குமான மாற்று இது. கேட்கும் சுருதி ஜி என்றால் ஆல்ட்டோ சாக்ஸுக்கு இ, ஜி, ஏ, பி, டி. ஹார்ன் இருந்தால் டி, எஃப், ஜி, ஏ, சி. புல்லாங்குழல், டிரோம்போன் ஆகியவற்றுக்கு ஜி, பி-ஃபிளாட், சி, டி, எஃப். கேட்கும் சுருதி சி என்றால் ஆல்ட்டோவுக்கு ஏ, சி, டி, இ, ஜி. ஹார்னுக்கு ஜி, பி-ஃபிளாட், சி, டி, எஃப். மாறாத கருவிகளுக்கு சி, இ-ஃபிளாட், எஃப், ஜி, பி-ஃபிளாட். டெனார் சாக்ஸுக்கு எழுத்து கிளாரினெட்டைப் போலவே, ஆனால் ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. யூஃபோனியம் பையன் எந்தக் கிளெஃபில் படித்தவன் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தேவாலய பேண்டில் டிரம்பெட்டிலிருந்து மாறி வந்தவர்கள் டிரெபிள் கிளெஃபில்தான் படிப்பார்கள்.

ஜி-யைத் தேர்ந்தால் இன்னொரு லாபம்: அது நம் கணக்கில் ஐந்து கட்டை. குழலைப் போல எழுதப்பட்ட அந்த இரண்டாம் மெட்டுக்கு வெள்ளிப் புல்லாங்குழல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐந்து கட்டை மூங்கில் குழல் வாசிக்கும் ஒரு பிள்ளை போதும். பார்டோக்கின் காதில் ஒலித்தது கிராமத்துக் குழல்தானே.

யார் எப்போது வாசிப்பது

ஐந்து பகுதிகளுக்கும் ஐந்து வண்ணங்கள் வேண்டும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதல் பாட்டுப் பகுதி ஒரே ஒரு கிளாரினெட்டுக்கு. அடியில் யூஃபோனியம் மட்டும். மற்றவர்கள் கருவியை மடியில் வைத்துக் கேட்கட்டும். முதல் குழல் பகுதி மூங்கில் குழலுக்கு; துணைக்கு இரண்டு கிளாரினெட்டுகள், மிக மெல்ல. குழலின் ஒலி சிறியது, மற்றவர்கள் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டாம் பாட்டுப் பகுதியை ஆல்ட்டோ சாக்ஸுக்குக் கொடுங்கள். பார்டோக் இங்கே துணைச் சுரங்களை மாற்றுகிறார்; பியானோ தாளில் இடது கையைக் கூர்ந்து பார்த்து எழுதுங்கள். இரண்டாம் குழல் பகுதியில் கிளாரினெட்டுகளும் ஒரு டிரம்பெட்டும் சேரலாம். கடைசிப் பாட்டுப் பகுதிக்கு எல்லாரும், ஆனால் எல்லாரும் மெதுவாக.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் மேளமும் சிம்பலுமாக முழங்கி முடிக்கத் தோன்றும். பெற்றோர் கைதட்டுவார்கள், தாளாளருக்குப் பிடிக்கும். வேண்டாம். முழக்கம் தேவையென்றால் நிகழ்ச்சியில் இதற்கு முன்னால் ஒரு மார்ச் வையுங்கள்.

துணைச் சுரங்கள்: குறைத்துக்கொண்டே போங்கள்

பேண்டு எழுதப் புதியவர் செய்வது ஒவ்வொரு மெட்டுச் சுரத்துக்கும் கீழே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம், போடுவது. கீபோர்டில் பழகிய கை அப்படித்தான் போகும். ஐந்து சுர மெட்டுக்கு அது பகை. ஏழு சுர மேற்கத்திய மெட்டில் ஐந்தாம் படிக் கார்டு முதல் படிக்கு இழுக்கும் இழுப்பு இருக்கிறதே, இத்தகைய மெட்டில் அது இல்லை. அந்த இழுப்பு இல்லாததால்தான் துணைச் சுரங்களை விருப்பம்போல அமைக்கும் சுதந்திரம் கிடைத்தது என்று பார்டோக் தம் கட்டுரைகளில் வாதிட்டிருக்கிறார். நாம் கேட்டுப் பழகிய சுருதிப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஸ-வும் ப-வும் அடியில் நிற்க, மெட்டு மேலே போய்வருகிறது.

பியானோ மூலத்தின் கார்டுகளில் எந்தச் சுரத்தை விடுவது? நான்கு குரல்தான் என்றால் முதலில் அடித்தளச் சுரத்தைக் காப்பாற்றுங்கள். அடுத்து, மெட்டில் இல்லாத, காதுக்குப் புதிதாகப் படும் சுரத்தைக் காப்பாற்றுங்கள். பார்டோக்கின் கையெழுத்தே அதில்தான் இருக்கிறது. மெட்டில் ஏற்கெனவே ஒலிக்கும் சுரத்தின் இரட்டிப்பையும் பஞ்சமத்தையும் தைரியமாக விடலாம்.

நீண்ட சுரங்களுக்கு மூச்சுக் கணக்கு பாருங்கள். எட்டு விநாடி பிடிக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு விநாடிச் சுரம் எழுதினால் கடைசி நான்கு விநாடி சுருதி இறங்கும். ஒரே சுரத்தை இருவருக்குக் கொடுத்து, மூச்சு விடும் இடங்களை இருவர் தாளிலும் வெவ்வேறாகக் குறித்துவிடுங்கள். ‘பார்த்து மாற்றி மாற்றி விடுங்கள்’ என்று வாயால் சொன்னால் இருவரும் ஒன்றாகவே விடுவார்கள்.

தாளக் கருவிகள்

மெதுவான பகுதிகளில் எதுவும் வேண்டாம். வேகமான பகுதிகளில், கம்பியைத் தளர்த்திய சைடு டிரம்மை விளிம்பருகே மெல்லத் தட்டலாம். ஒரு டிரையாங்கிள், அதுவும் பகுதிக்கு ஒன்றிரண்டு முறை. உறுமியோ பறையோ சேர்த்தால் ‘நம் மண்ணின் மணம்’ வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒற்றை மூங்கில் குழலை விழுங்கிவிடும் கருவிகள் அவை. அவற்றுக்கான இடம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாளக்காரப் பிள்ளைகள் சும்மா உட்கார மாட்டார்கள் என்பது உண்மை. அவர்களுக்குப் பக்கம் திருப்பும் வேலையும், முதல் பகுதியில் கிளாரினெட் மாணவிக்குத் தாளைப் பிடித்து நிற்கும் வேலையும் கொடுங்கள்.

தாள்களை எழுதுவது

மியூஸ்ஸ்கோர் இலவச மென்பொருள், போதுமானது. கேட்கும் சுருதியில் முழு ஸ்கோரையும் எழுதிவிட்டு, கருவிக்கேற்ற மாற்றத்தை அதனிடமே விடலாம். ஆனால் அச்செடுக்கும் முன் ஒவ்வொரு தாளின் முதல் சுரத்தையாவது கையால் சரிபாருங்கள். கணினியின் ஒலியைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம்: அதற்கு மூச்சு முட்டாது, உதடு வலிக்காது.

ரூபாட்டோ பகுதிகளில் துணைக்குரல் தாள்கள் எல்லாவற்றிலும் மெட்டைச் சிறு எழுத்தில் மேலே அச்சிடுங்கள். பிள்ளைகள் எண்ணி வாசிக்க முடியாத இடம் அது. மெட்டைக் கேட்டு, எப்போது மாறுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கை அசைவும் தாளம் போடுவதாக இருக்கக் கூடாது. கார்டு மாறும் இடத்தில் மட்டும் காட்டுங்கள்.

ஒத்திகையும் நம் வெயிலும்

ஊதுகருவியின் சுருதி, குழாய்க்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் ஏறும். அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். காலை 26 டிகிரியில் ட்யூனர் வைத்துச் சரிசெய்த குழு, பிற்பகல் 34 டிகிரியில் இருபது சென்ட்டுக்கு மேல் ஏறியிருக்கக்கூடும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு இதைக் கொஞ்சம் சமன் செய்யுமே தவிர முழுவதும் அல்ல. கீபோர்டோ வெயிலில் அசையாது. ஆகவே இந்த உருப்படிக்கு கீபோர்டைத் துணைக்கு வைக்காதீர்கள். பத்து நிமிடம் வாசித்துக் கருவி சூடேறிய பிறகு, வாசிக்கப் போகும் இடத்திலேயே சுருதி சேருங்கள். மூங்கில் குழலுக்கு இழுக்கும் வசதி கிடையாது, எனவே மற்றவர்கள் அதோடு சேர வேண்டும்.

உப்புக் காற்று பித்தளையைத் தின்னும். வாசித்து முடித்ததும் துடைத்து உறையிலிட வேண்டும். வால்வு எண்ணெய் வாரந்தவறாமல். கழுவுவதற்குக் குடிநீரைப் பயன்படுத்துங்கள்; கடலோர ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்ஸபோனின் பேடுகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தாளை இடையில் வைத்து உறிஞ்ச விடுங்கள்.

மேடை பெரும்பாலும் திறந்த மைதானத்துப் பந்தல். காற்றுக்கு முதுகு காட்டிக் குழுவை உட்கார வையுங்கள். ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று, ஜனவரியில் வாடை. அதற்கேற்ப மேடையின் திசையைப் பந்தல்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தாளுக்கு இரண்டு துணிக் கிளிப்புகள். குழலுக்கு முன் மைக் வைப்பதென்றால் பஞ்சு உறை போட்ட மைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கேட்பது காற்றின் இரைச்சல் மட்டுமே.

அடுத்த உருப்படிக்கு இரண்டு வழிகள்

ஒன்று, பார்டோக்கிலேயே மேலே போவது. 1926 முதல் 1939 வரை அவர் எழுதிய ‘மைக்ரோகாஸ்மாஸ்’ தொகுப்பில் 153 உருப்படிகள் இருக்கின்றன. 113-ஆவதும் 115-ஆவதும் பல்கேரியத் தாளத்தில் அமைந்தவை. 115 ஐந்து எண்ணிக்கை. கண்ட சாபு தெரிந்தவர்களுக்கு அதில் பயமே இல்லை. 113 ஏழு எண்ணிக்கை. நம் மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்டதுபோல ‘தகதிமி தகிட’ என்று போகும். வேறு ஊர்ப் பிள்ளைகள் விரலை மடக்கி எண்ணும் இடத்தில் நம் பிள்ளைகள் சொற்கட்டு சொல்லி வாசித்துவிடுவார்கள்.

இன்னொன்று, பார்டோக் செய்ததைச் செய்வது. இந்தக் கரையில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு இருக்கிறது. ஒருவர் எடுத்துப் பாட, வலை இழுப்பவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவது பேண்டுக்கே அளவெடுத்த அமைப்பு. பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரே பாட்டை இரண்டு, மூன்று முறை பாடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால் மெட்டின் எலும்புக்கூடு தெரியும். அதை எழுதுங்கள். எடுப்பை ஒரு யூஃபோனியத்துக்கும் வாங்கலை முழுக் குழுவுக்கும் கொடுங்கள். வலை இழுக்கும் அசைவே தாளம் என்பதால் வேகத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், பதிவிலிருந்து எடுங்கள். உறுமியும் பறையும் இங்கே வரட்டும், தாராளமாக. ஸ்கோரின் தலைப்பில் இசையமைத்தவர் பெயர் இருக்கும் இடத்தில், பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்த நாள் மூன்றையும் எழுதுங்கள். நிகழ்ச்சி நிரலிலும் அதே பெயர் வர வேண்டும். முன்வரிசையில் ஒரு நாற்காலியும் அவருக்கு.